கட்டடம் ஏன் விழுந்தது என்று நீதிமன்றத்தில் சொல்லும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடங்கள் பழுதாவதையும் இடிவதையும் ஆராய்ந்து வழக்குகளில் கருத்துச் சொல்பவர்களைத் தடயவியல் பொறியாளர்கள் என்கிறோம். இந்த வேலைக்கு வர நினைக்கும் இளம் பொறியாளர்களும், முதன்முறையாக ஒரு நிபுணரை அமர்த்தும் வழக்கறிஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட வாக்கிலேயே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால். சட்ட நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். கம்பியும் கான்கிரீட்டும் மண்ணும் எங்கும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன.

இந்த வேலைன்னா என்ன? போய்ப் பார்த்துட்டு யார் மேல தப்புன்னு சொல்றதா?

இல்லை. எது முதலில் உடைந்தது, எப்படி உடைந்தது, ஏன் உடைந்தது என்ற மூன்றுக்கும் ஆதாரத்தோடு பதில் தேடுவதுதான் வேலை. யார் பொறுப்பு, யார் இழப்பீடு தர வேண்டும் என்பதை நீதிபதியோ நடுவரோ முடிவு செய்வார்.

"ஒப்பந்ததாரர் அலட்சியமாக இருந்தார்" என்று அறிக்கையில் எழுதினால் எல்லை தாண்டிவிட்டோம். "வரைபடத்தில் 150 மி.மீ. இடைவெளியில் காட்டியிருந்த வளையக் கம்பிகள் இந்தத் தூணில் 300 மி.மீ. இடைவெளியில் இருந்தன; அதனால் தூணின் தாங்குதிறன் இவ்வளவு குறைந்தது" என்று எழுதினால் அது நம் வேலை. அந்த உண்மையை வைத்து அலட்சியம் உண்டா இல்லையா என்று வாதிடுவது வழக்கறிஞரின் வேலை.

எப்பவும் இடிஞ்சு விழுந்த கட்டடம்தானா?

பெரும்பாலும் இல்லை. செய்தியில் வருவது இடிவு. மேசைக்கு வருவது ஒழுகும் கூரை, தண்ணீர் இறங்கும் சுவர், எழும்பும் தரை ஓடு, அடித்தளத்தில் ஊறும் நீர், ஒரு பக்கம் இறங்கும் அஸ்திவாரம், துருப்பிடிக்கும் பால்கனி, பக்கத்து மனையில் பள்ளம் தோண்டியதால் வந்த விரிசல். யாரும் சாகாத வழக்குகள்தான் அதிகம். அவற்றிலும் பெரும்பகுதி தீர்ப்பு வரை போகாமல் சமரசத்தில் முடிந்துவிடும். எந்த வழக்கு நீதிமன்றம் ஏறும் என்பது தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. அதனால் ஒழுகும் குளியலறைக்கும் இடிந்த மண்டபத்துக்கும் ஒரே கவனத்தோடுதான் குறிப்பெடுக்க வேண்டும்.

என்ன படிக்கணும்? படிச்சு முடிச்சதும் நேரா இதுல சேரலாமா?

கட்டுமானப் பொறியியல் பட்டம் அடிப்படை. கட்டமைப்பு, மண், கட்டுமானப் பொருள்கள் ஆகியவற்றில் ஒன்றில் முதுகலை இருந்தால் நல்லது. ஆனால் நிபுணர் சாட்சியாக நிற்க அது போதாது. எட்டுப் பத்து ஆண்டுகளாவது வடிவமைத்தும் கட்டியும் பார்த்திருக்க வேண்டும். கம்பி கட்டும் இடத்தில் நின்று பார்க்காதவருக்கு, கான்கிரீட் ஏன் பீமும் தூணும் சேரும் இடத்தில் தேன்கூடு போல ஓட்டை விழுகிறது என்பது புரியாது. அங்கே கம்பி நெரிசலாக இருக்கும், ஜல்லி இறங்காது, வைப்ரேட்டர் ஊசி நுழையாது. பொறியாளராகப் பதிவு செய்துகொள்ள உங்கள் நாட்டில் உரிமம் தேவையென்றால் அதுவும் கட்டாயம்.

படித்தவுடன் உதவியாளராகச் சேரலாம். அளவெடுப்பது, படம் எடுத்துப் பெயரிடுவது, ஆவணங்களை அடுக்குவது என்றுதான் தொடக்கம் இருக்கும். ஆவண வேலையைக் கீழாக நினைக்க வேண்டாம். வரைபடத்தின் எந்தத் திருத்தப் பதிப்பு எந்தத் தேதியில் தளத்துக்கு வந்தது, அதற்கு முன் எத்தனை தளம் கான்கிரீட் போட்டாகிவிட்டது என்ற ஒரு காலவரிசை அட்டவணை முழு வழக்கையும் தீர்த்துவிடக்கூடும்.

டிசைன் பண்றதுக்கும் இதுக்கும் கணக்கு ஒண்ணுதானே?

ஒன்றல்ல. புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வடிவமைப்பில் சுமையை வேண்டுமென்றே கூட்டிக்கொள்கிறோம், வலிமையைக் குறைத்துக்கொள்கிறோம். தெரியாத எதிர்காலத்துக்கான பாதுகாப்பு அது. விழுந்த கட்டடத்துக்கு எதிர்காலம் கிடையாது. அன்று, அந்த நேரத்தில், அதன்மேல் உண்மையில் எவ்வளவு சுமை இருந்தது, அதன் பொருள்களுக்கு உண்மையில் எவ்வளவு வலிமை இருந்தது என்பதே கேள்வி. 25 மெகாபாஸ்கல் தரம் என்று எழுதிய கான்கிரீட் ஒழுங்காகப் போட்டிருந்தால் சராசரியாக 31, 32 வரை வரும். தர எண்ணை அப்படியே கணக்கில் போட்டால் நன்றாக இருந்த பீமும் விழுந்திருக்க வேண்டும் என்று தப்பாகக் காட்டும்.

சுமையையும் அளந்தே போட வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.5 டன். ஸ்லாப் 25 மி.மீ. தடிமன் கூடியிருந்தால் சதுர மீட்டருக்கு 60 கிலோவுக்கு மேல் ஏறிவிடும். மொட்டை மாடியில் 10 செ.மீ. தண்ணீர் தேங்கினால் சதுர மீட்டருக்கு 100 கிலோ. ஈரமான மண்ணை 30 செ.மீ. உயரத்துக்குப் போட்டுத் தோட்டம் வைத்தால் 600 கிலோவை நெருங்கும்.

ஆகவே இரண்டு கணக்குகள் தனித்தனியாக வேண்டும். பாதுகாப்புக் குணகங்கள் இல்லாத முதல் கணக்கு, ஏன் விழுந்தது என்று சொல்லும். இரண்டாவது, விதிப்படி வடிவமைத்தார்களா என்று பார்க்கும். அதற்கு வடிவமைத்த காலத்தில் நடைமுறையில் இருந்த விதித்தொகுப்பைத்தான் எடுக்க வேண்டும். 1985-இல் வரைந்ததை இன்றைய விதியால் அளப்பது நியாயமும் இல்லை, நீதிமன்றத்தில் நிற்கவும் நிற்காது.

இடிஞ்ச இடத்துக்குப் போனதும் முதல்ல என்ன செய்யணும்?

உள்ளே நுழையாதீர்கள். மீதி நிற்கும் பகுதி நிலையாக இருக்கிறதா, மின்சாரமும் எரிவாயுவும் நிறுத்தப்பட்டனவா, உள்ளே போக யாருடைய அனுமதி வேண்டும் என்று முதலில் பாருங்கள். மீட்புப் பணி நடக்கிறது என்றால் அதற்குத்தான் முன்னுரிமை. ஒரு தடயத்துக்காக மீட்பவர் கையைத் தடுக்கக் கூடாது. அவர்கள் நகர்த்தும் ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து எங்கே போகிறது என்று தள்ளி நின்று படமெடுத்தால் போதும்.

பிறகு அழியக்கூடிய தடயங்கள். சென்ட்ரிங் முட்டுகள் நின்ற அடையாளம், தேங்கிய நீரின் மட்டம், உடைந்த இரும்பின் புதுமுகம், தரையில் பதிந்த சறுக்கல் தடம் எல்லாம் ஒரே மழையிலோ ஒரே இரவிலோ போய்விடும். அஸ்திவாரம் நாளையும் அங்கேயே இருக்கும். படம் எடுக்கும்போது தூரத்திலிருந்து முழுக் காட்சி, நடுத் தொலைவில் அந்தப் பகுதி, அருகில் அளவுகோல் வைத்து நுணுக்கம் என மூன்று நிலை எடுங்கள். அருகில் எடுத்த படம் மட்டும் இருந்தால் அது எந்தப் பீமின் எந்த முனை என்று ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. மங்கலான படத்தையும் அழிக்காதீர்கள். வரிசை எண்ணில் ஒன்று விடுபட்டிருந்தால் எதை மறைத்தீர்கள் என்ற கேள்வி வரும்.

இடிபாட்டை அகற்றும் முன் ஒவ்வொரு முக்கியத் துண்டிலும் எண், வடக்குத் திசைக் குறி, மேல் பக்கம் எது என்ற குறி மூன்றையும் அழியாத நிறத்தில் எழுதுங்கள். கிரேன் தூக்கிய பிறகு மேல் கீழ் தெரியாது. இழுவிசைக் கம்பி எந்தப் பக்கம் இருந்தது என்பதையே இழந்துவிடுவோம்.

பையில என்னென்ன இருக்கணும்?

தலைக்கவசம், தடித்த அடிப்பாகம் உள்ள காலணி, கையுறை, தூசி முகமூடி. எஃகு நாடா, லேசர் அளவி, விரிசல் அகலம் பார்க்கும் கண்ணாடி அட்டை, ரசமட்டம், தூக்குக்குண்டு. சுத்தியல், உளி, கம்பி இருக்கும் இடம் காட்டும் கவர் மீட்டர், கான்கிரீட்டில் காரத்தன்மை இருக்கும் இடத்தை இளஞ்சிவப்பாக்கிக் காட்டும் 1 சதவீத பினாப்தலின் கரைசல். மூடி இறுகும் பைகள், எண் சீட்டுகள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள். பக்க எண் போட்டுத் தைத்த குறிப்பேடு ஒன்று. பிரித்தெடுக்கக்கூடிய தாள்கள் வேண்டாம்.

விரிசலைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிடலாமா?

ஓரளவு. விரிசல் எப்போதும் இழுவிசைக்குக் குறுக்கே ஓடும். அதனால் அதன் திசை, விசை எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறது. பீமின் நடுவில் அடிப்பக்கத்திலிருந்து செங்குத்தாக ஏறினால் வளைவால் வந்தது. தாங்கிக்கு அருகில் ஏறக்குறைய 45 பாகையில் சாய்ந்து ஓடினால் வெட்டு விசை. வளைவு விரிசலைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் எச்சரிக்கை தராமல் முறியும். கம்பியின் நீளத்துக்கு ஒத்து ஓடி, பழுப்புக் கறையும் இருந்தால் துரு. செங்கல் சுவரில் படிக்கட்டு போல இறங்கினால் அஸ்திவார அசைவு. அதிலும் மேலே அகலமாக இருந்தால் ஓரங்கள் இறங்கியிருக்கும், கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி இறங்கியிருக்கும்.

பீம் இல்லாத தட்டைத் தளத்தில், மேற்பரப்பில் தூணைச் சுற்றி வட்டமாகவோ ஆரமாகவோ விரிசல் தெரிந்தால் உடனே கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லுங்கள். தூண் தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வரப் போகிறது என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். 1995 ஜூன் 29-இல் சியோலில் சாம்பூங் அங்காடி இடிந்து 502 பேர் இறந்தார்கள். அன்று விரிசல்கள் பெருகியதைப் பார்த்து மேல்தளத்தை மூடினார்கள்; அங்காடியை மூடவில்லை.

ஆனாலும் விரிசலின் வடிவம் தொடக்கம்தான். வலை போன்ற விரிசல், காய்ந்து சுருங்கியதாலும் வரும், ஜல்லியும் சிமென்டின் காரமும் வினைபுரிந்து வீங்குவதாலும் வரும். நுண்ணோக்கியில் மெல்லிய சீவலைப் பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது.

அந்த விரிசல் பழசா புதுசான்னு எப்படித் தெரியும்? பக்கத்து மனைக்காரர் "அது எப்பவோ வந்தது"ங்கிறார்.

பள்ளம் தோண்டிய வழக்குகள் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் நிற்கின்றன. புது விரிசலின் விளிம்பு கூர்மையாக, உள்முகம் வெளிறிச் சுத்தமாக இருக்கும். பழையதில் விளிம்பு மழுங்கி, உள்ளே தூசியோ சிலந்தி நூலோ பெயின்ட்டோ இருக்கும். பெயின்ட் விரிசலுக்குள் இறங்கியிருந்தால் விரிசல் பெயின்ட்டுக்கு முந்தையது. பெயின்ட் படலமே கிழிந்திருந்தால் பிந்தையது. கடைசியாகப் பெயின்ட் அடித்த தேதிக்குப் பதிவு இருந்தால் ஒரு எல்லை கிடைத்துவிடும். கான்கிரீட் என்றால் விரிசலின் குறுக்கே கோர் (துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து, அதை உடைத்து, பினாப்தலின் தெளித்துப் பார்க்கலாம். விரிசல் முகத்தை ஒட்டி நிறமில்லாத பட்டை இருந்தால் காற்று நெடுநாள் உள்ளே போயிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பழைய விரிசல் புதிதாக அகலமாகவும் செய்யும். "பழையது" என்பதால் பள்ளத்துக்குச் சம்பந்தமில்லை என்று ஆகாது. அளவுகோல் பொருத்தி, தேதியும் வெப்பநிலையும் சேர்த்துக் குறித்து, முடிந்தால் ஒரு முழு ஆண்டு பார்க்க வேண்டும். வெயிலில் சுவர் விரிவதே சில விரிசல்களைத் திறந்து மூடும்.

கான்கிரீட் மட்டம்னு எப்படி நிரூபிக்கிறது? ஹேமர் அடிச்சா போதாதா?

போதாது. துள்ளல் சுத்தியல் மேற்பரப்பின் கடினத்தை மட்டும் காட்டும். பழைய கான்கிரீட்டில் மேல்தோல் காற்றிலுள்ள கரியமில வாயுவால் இறுகிவிடுவதால் எண் கூடுதலாக வரும். ஈரமாக இருந்தால் குறைவாக வரும். எங்கே வலு குறைந்திருக்கக்கூடும் என்று தேட அது உதவும். வலிமையைச் சொல்லக் கோர் எடுத்து நசுக்க வேண்டும்.

கோரின் விட்டம் பெரிய ஜல்லியின் அளவைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். நீளம் விட்டத்தைப் போல இரு மடங்கு இருந்தால் நல்லது. நீளமும் விட்டமும் சமமாக இருந்தால், அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம் முறைப்படி, கிடைத்த வலிமையை 0.87-ஆல் பெருக்கிக் குறைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு மட்டமான கான்கிரீட்டை நல்லது என்று சொன்ன அறிக்கைகள் உண்டு. மூன்று கோர்களின் சராசரி, குறிப்பிட்ட வலிமையில் 85 சதவீதத்துக்குக் குறையாமலும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் ஏற்கலாம் என்பது பல விதித்தொகுப்புகளில் உள்ள அளவு. துளைக்கும்போது கோர் கொஞ்சம் சேதமாவதால்தான் இந்தத் தளர்வு. நொறுங்கிய துண்டில் எடுத்தால் விழுந்த அதிர்ச்சியே வலிமையைக் குறைத்திருக்கும். அதே நாளில் போட்ட, விழாமல் நிற்கும் பகுதியிலும் எடுங்கள்.

எந்த நாளின் வலிமை என்பதும் முக்கியம். 1978 ஏப்ரல் 27-இல் அமெரிக்காவின் வில்லோ ஐலண்டில் கட்டுமானத்தில் இருந்த குளிர்விப்புக் கோபுரத்தின் சாரம் விழுந்து 51 தொழிலாளர்கள் இறந்தார்கள். முந்தைய நாள் போட்ட கான்கிரீட்டில்தான் அந்தச் சாரம் தொங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக வலிமையை அளக்கும் 28-ஆம் நாளில் அது எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு அங்கே பொருளே இல்லை. அன்று காலையில் எவ்வளவு இறுகியிருந்தது என்பதே கேள்வி, அதற்கு முந்தைய இரவின் வெப்பநிலை வேண்டும்.

கம்பி துருப்பிடிச்சுதான் விழுந்ததுன்னு சொல்றாங்க. எப்படிச் சரிபார்க்கிறது?

துரு இருக்கிறது என்பது வேறு, துருவால் விழுந்தது என்பது வேறு. புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலின் தெளியுங்கள். இளஞ்சிவப்பானால் அங்கே காரத்தன்மை இருக்கிறது, கம்பி பாதுகாப்பில் இருக்கிறது. நிறம் வராத ஆழம் கம்பி வரை போயிருந்தால் பாதுகாப்பு போய்விட்டது. இந்த ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். 16 ஆண்டில் 10 மி.மீ. என்றால் 20 மி.மீ. ஆக ஏறக்குறைய 64 ஆண்டு. ஆகவே 20 மி.மீ. கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன்) இருக்க வேண்டிய இடத்தில் 10 மி.மீ. விட்டவர், ஆயுளைப் பாதியாக்கவில்லை, கால்வாசியாக்கிவிட்டார். கடலோரத்திலும் உப்புநீர் கலந்த இடத்திலும் இந்தச் சோதனை மட்டும் போதாது, குளோரைடு அளவும் பார்க்க வேண்டும். காரம் நன்றாக இருந்தும் உப்பால் கம்பி குழிகுழியாக அரிக்கும்.

கம்பியின் மின்னழுத்தத்தைச் செம்பு–செம்பு சல்பேட் மின்முனையை வைத்து அளக்கும்போது அது மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் அங்கே அரிப்பு நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று இந்த அளவீடு சொல்லாது. கடைசியில் கம்பியைத் திறந்து, துருவைச் சுரண்டி, மீதி விட்டத்தை அளந்தே ஆக வேண்டும். அந்த மீதி விட்டத்தை வைத்து மேலே சொன்ன முதல் கணக்கைப் போட்டால்தான் விழப் போதுமான இழப்பா என்று தெரியும்.

இரும்பு உடைஞ்ச துண்டு ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. உடைந்த முகங்கள் உரசினால் தடயம் போச்சு. கம்பித் தூரிகையும் வேண்டாம், விரலால் தடவவும் வேண்டாம். படமெடுத்து, உலர்வாக, சிலிக்கா பொட்டலத்தோடு, முகத்தில் எதுவும் படாமல் பொதியுங்கள்.

முகத்தில் படிக்க நிறைய இருக்கிறது. நீண்டு மெலிந்து அறுந்திருந்தால் அதிகச் சுமை. கடற்கரை மணலில் அலை விட்ட கோடுகள் போல வளைவு வளைவாக இருந்தால் நெடுநாள் ஏறி இறங்கிய சுமையால் வந்த களைப்பு. மெலியாமல் முறிந்து அம்புமுனை வடிவக் கோடுகள் இருந்தால் நொறுங்கு முறிவு. அந்த முனைகள் முறிவு தொடங்கிய இடத்தைக் காட்டும். முகத்தின் ஒரு பாதி துருவேறியும் மறுபாதி பளபளப்பாகவும் இருந்தால் துருவேறிய பாதி முன்பே உடைந்திருந்தது.

மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பினா நம்ம வேலை முடிஞ்சதா?

லேப் முடிவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், சோதித்த துண்டு அந்தத் தூணிலிருந்து வந்ததுதான் என்று காட்ட முடியாவிட்டால் அது வெறும் கல். யார் எடுத்தார், எப்போது, எங்கிருந்து, யாரிடம் கொடுத்தார், எங்கே பூட்டி வைத்தார் என்று கைமாறிய ஒவ்வொரு முறையும் கையொப்பத்தோடு பதிவு வேண்டும். லேபிலிருந்து மீதித் துண்டைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

நசுக்குவது, அறுப்பது போல மாதிரியை அழிக்கும் சோதனை என்றால் எல்லாத் தரப்புக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, சோதனை முறையை ஒப்புக்கொள்ள வைத்து, அவர்கள் நிபுணரும் பார்க்கும்படி செய்யுங்கள். வழக்குக்கு உரிய பொருளைக் கையாளும் விதத்துக்கு ஏஎஸ்டிஎம் இ860 என்ற நடைமுறையே இருக்கிறது. இதைத் தவறவிட்டால் உங்கள் கருத்து சரியாக இருந்தும் தடயத்தை அழித்த குற்றச்சாட்டு உங்கள் கட்சிக்காரர் தலையில் விழும்.

எரிவாயு வெடிச்சதுதான் தெரியுதே. அப்புறம் என்ன ஆராய்ச்சி?

தூண்டியது எது, காரணம் எது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான். 1968 மே 16-இல் லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18-ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. ஒரு வெளிச்சுவர்க் கான்கிரீட் பலகை வெளியே தள்ளப்பட்டது. அதற்குமேல் இருந்தவை விழுந்தன, விழுந்த எடையில் கீழே இருந்தவையும் அடுக்கடுக்காகப் போயின. நான்கு பேர் இறந்தார்கள். ஒரு சமையலறையில் நடந்த வெடிப்பு ஏன் கட்டடத்தின் ஒரு மூலை முழுவதையும் உரித்தது? பலகைகளுக்கு இடையிலான இணைப்பு வலுவற்றது, ஒன்று போனால் சுமை போக மாற்று வழியும் இல்லை. வெடிப்போடு நிறுத்தியிருந்தால் அதே முறையில் கட்டிய மற்றக் கட்டடங்கள் அப்படியே நின்றிருக்கும்.

பல காரணம் கலந்திருந்தா எதைச் சொல்றது?

எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றையும் நீக்கிப் பாருங்கள். இது இல்லாவிட்டாலும் விழுந்திருக்குமா? 1986 மார்ச் 15-இல் சிங்கப்பூரில் ஹோட்டல் நியூ வேர்ல்டு இடிந்து 33 பேர் இறந்தபோது சந்தேகங்கள் பல இருந்தன. அருகில் ரயில் சுரங்கம் தோண்டியது, எரிவாயு, கட்டிய தரம், பின்னால் ஏற்றிய கூடுதல் எடைகள். ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்த பிறகு கணக்கில் அகப்பட்டது மூலத் தவறு. கட்டமைப்பைக் கணக்கிட்டவர் ஆட்களும் பொருள்களும் தரும் சுமையைச் சேர்த்திருந்தார், கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவே இல்லை. பின்னால் ஏறிய எடைகள் விழும் நாளை முன்கூட்டிக் கொண்டுவந்தன.

இப்படி நீக்கிப் பார்ப்பதில் நேர்மை வேண்டும். நமக்குப் பிடித்த காரணத்துக்கு எதிரான சான்று எப்படி இருக்கும் என்று முதலில் எழுதிவைத்துவிட்டு, அதைத் தேடிப் போக வேண்டும். தேடாமல் விட்டதை எதிர்த்தரப்பு தேடிக் கொண்டுவரும்.

வரைபடத்துல தப்பா, கட்டினதுல தப்பா? ரெண்டுல ஒண்ணுதானே?

இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. பட்டறை வரைபடமும் (பாகங்களைத் தயாரிப்பவர் வரையும் விரிவான வரைபடம்) நடுவழி மாற்றமும். 1981 ஜூலை 17-இல் கான்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் தொங்கு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வரைபடத்தில் கூரையிலிருந்து ஒரே தண்டு நான்காம் மாடிப் பாலத்தின் வழியாக இரண்டாம் மாடிப் பாலம் வரை இறங்கியது. கட்டும்போது அதை இரண்டு தண்டாக்கி, கீழ்ப் பாலத்தை மேல் பாலத்திலேயே தொங்கவிட்டார்கள். மேல் பாலத்தின் பீமுக்கு அடியில் இருந்த நட்டு, ஒரு பாலத்துக்குப் பதில் இரண்டைத் தாங்க வேண்டியதாயிற்று.

மாற்றம்தான் காரணம் என்று அங்கேயே நிறுத்துபவர்கள் பலர். விசாரித்த தேசியத் தர ஆணையம் மாற்றாத மூல இணைப்பையும் கணக்கிட்டுப் பார்த்தது. நகர விதி கேட்ட வலிமையில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் அதற்கும் இருந்தது. விழுந்ததை மட்டுமல்ல, கட்டாமல் போன வடிவத்தையும் கணக்கிட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் மாடல்ல இடியுறதைக் காட்டினா நீதிபதி நம்பிடுவார்ல?

நம்பக்கூடும், ஆபத்தே அதுதான். படம் நிஜம் போல ஓடும், உள்ளே போட்ட எண் தவறாக இருக்கும். முதலில் தாங்கிகளில் வரும் எதிர்விசைகளைக் கூட்டி, மொத்தச் சுமைக்குச் சமமா என்று பாருங்கள். ஒரு பீமையாவது கையால் போட்டுப் பாருங்கள். இரு முனையிலும் சும்மா தாங்கிய, சுமை சீராகப் பரவிய பீமுக்கு நடுவில் வரும் வளைவுத் திருப்புமை (bending moment), ஒரு மீட்டருக்கான சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தது. பிறகு, விழாமல் நின்ற பகுதியில் அளந்த தொய்வை மாடலும் தருகிறதா என்று பாருங்கள். தராவிட்டால் விழுந்த பகுதியைப் பற்றி அது சொல்வதை வைத்துக்கொள்ளக் கூடாது. கடைசியாக, உறுதியில்லாத எண்களைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டி, முதலில் உடையும் இடம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அதை அறிக்கையில் சொல்லுங்கள்.

அறிக்கை எப்படி எழுதணும்?

நேரில் பார்த்தது, ஆவணத்தில் படித்தது, ஊகித்துக்கொண்டது, கருத்து ஆகிய நான்கும் கலக்கக் கூடாது. பத்திகளுக்கு எண் போடுங்கள். ஒவ்வொரு கருத்தும் எந்தப் படத்தை, எந்தக் கோரை, எந்தக் கணக்கை நம்பி நிற்கிறது என்று சுட்டுங்கள். ஆராய்ந்து தள்ளிய மாற்றுக் காரணங்களையும் தள்ளியதற்கான காரணத்தையும் எழுதுங்கள். எங்கே போக விடவில்லை, எந்த ஆவணம் தரப்படவில்லை என்பதையும் எழுதுங்கள்.

சொல்லில் கவனம். "இருக்கலாம்", "பெரும்பாலும்", "உறுதியாக" மூன்றும் ஒன்றல்ல. பல நாடுகளில் உரிமையியல் வழக்குக்கு "நடக்காததைவிட நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்பது போதும், குற்ற வழக்குக்கு நியாயமான சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாது. எந்த அளவில் பேசுகிறீர்கள் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

அனுப்பின மின்னஞ்சல், வரைவு எல்லாம் வெளிய வருமா?

நாட்டுக்கு நாடு விதி வேறு. எல்லாமே ஒருநாள் நீதிமன்றத்தில் சத்தமாக வாசிக்கப்படும் என்று நினைத்து எழுதுங்கள். வரைபட ஓரத்தில் கிறுக்கும் குறிப்பும் இதில் சேரும்.

காசு கொடுக்கிறவருக்குச் சாதகமாத்தானே சொல்லியாகணும்?

கூடாது. ஆங்கில நீதிமன்றத்தில் 1993-இல் இக்காரியன் ரீஃபர் என்ற கப்பல் பற்றிய வழக்கில் வந்த தீர்ப்பு நிபுணரின் கடமைகளை வரிசையாகச் சொன்னது. தரப்புச் சாராத, வழக்கின் நெருக்கடிக்கு வளையாத கருத்து, தன் முடிவுக்கு எதிரான உண்மைகளையும் மறைக்காமல் சொல்வது, தன் துறைக்கு வெளியே என்றால் அதை ஒப்புக்கொள்வது. 2011-இல் ஜோன்ஸ் எதிர் கேனி வழக்கில், அலட்சியமாகச் செயல்பட்ட நிபுணர்மேல் அவரை அமர்த்தியவரே வழக்குப் போடலாம் என்று பிரிட்டன் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. நேரத்துக்கோ வேலைக்கோ கூலி வாங்கலாம். வழக்கு வென்றால் இவ்வளவு என்ற ஏற்பாட்டுக்குச் சம்மதிக்கவே கூடாது.

முடிவு பாதகமாக வந்தால் அதைச் சீக்கிரமாக, தெளிவாக வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். தோற்கும் வழக்கை முதல் மாதத்திலேயே சமரசத்துக்குக் கொண்டுபோக முடிவது கட்சிக்காரருக்குப் பெரிய உதவி. முடிவை முன்பே சொல்லிவிட்டு அதற்கு அறிக்கை கேட்பவரின் வழக்கையும், முன்பு நீங்களே வேலை செய்த கட்டடத்தின் வழக்கையும் ஏற்காதீர்கள்.

குறுக்கு விசாரணையில என்ன கேப்பாங்க?

மூன்று பக்கத்திலிருந்து வருவார்கள். முதலில் நீங்கள்: தகுதி என்ன, இதற்கு முன் வேறு வழக்கில் இதற்கு மாறாகச் சொன்னீர்களா, எப்போதும் ஒரே தரப்புக்குத்தான் வருகிறீர்களா. அடுத்து முறை: மூன்று கோர்களை ஏன் அந்த மூன்று இடத்தில் எடுத்தீர்கள், எண்ணிலிருந்து முடிவுக்கு எப்படிப் போனீர்கள். அமெரிக்க உச்சநீதிமன்றம் 1993-இல் டாபர்ட் வழக்கில் இதைத்தான் கேட்கச் சொன்னது: முறையைச் சோதிக்க முடியுமா, மற்ற வல்லுநர்கள் அதை மதிப்பிட்டிருக்கிறார்களா, அதன் பிழை அளவு தெரியுமா, துறையில் ஏற்கப்பட்டதா. கோர் எடுக்கும் இடங்களை முன்கூட்டியே காரணத்தோடு எழுதிவைத்திருந்தால் இந்தக் கேள்வி உங்களை அசைக்காது.

மூன்றாவது "இப்படியும் நடந்திருக்கலாம் அல்லவா?" என்ற கேள்வி. நடந்திருக்கலாம் என்றால் நடந்திருக்கலாம் என்று சொல்லுங்கள், பிறகு ஏன் வாய்ப்புக் குறைவு என்று ஒரு வரியில் சொல்லுங்கள். எல்லாவற்றையும் மறுப்பவர்மேல் நீதிபதிக்கு நம்பிக்கை போய்விடும். தெரியாதது என்றால் தெரியாது. கேட்டதற்கு மட்டும் பதில்.

ஆராயும்போது அதே மாதிரி இன்னொரு கட்டடமும் ஆபத்துல இருக்குன்னு தெரிஞ்சா? வழக்கு ரகசியமாச்சே.

ரகசியம் காக்கும் கடமை உண்மையானது. ஆனால் பொறியாளர் நெறிமுறைகள் பொதுமக்களின் பாதுகாப்பை அதற்கு மேலே வைக்கின்றன. 1978-இல் நியூயார்க்கின் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தில், பற்றவைக்க வேண்டிய இணைப்புகள் போல்ட் போட்டு முடிக்கப்பட்டதும் கட்டடத்தின் மூலையில் சாய்வாக மோதும் காற்றுக்கு அவை போதாது என்பதும் தெரியவந்தன. வடிவமைத்த பொறியாளரே அதை வெளிப்படுத்தி, இணைப்புகளின்மேல் எஃகுத் தகடுகளை இரவில் பற்றவைத்துச் சரிசெய்ய வைத்தார். தவற்றைத் தாமே சொன்னது பெரிய காரியம். ஆனால் உள்ளே வேலை பார்த்தவர்களுக்கும் சுற்றி வாழ்ந்தவர்களுக்கும் அன்று உண்மை சொல்லப்படவில்லை. 1995-இல்தான் பொதுவெளிக்கு வந்தது. அந்த மௌனம் சரியல்ல என்பது எங்கள் கருத்து.

நடைமுறையில் செய்ய வேண்டியது: ஆபத்து என்ன, எந்த இடம், எந்த அளவீடு அதைக் காட்டுகிறது, உடனே என்ன தேவை என்பதை அன்றைக்கே ஒரு பக்கத்தில் எழுதி, அமர்த்திய வழக்கறிஞருக்குக் கொடுங்கள். முட்டு, காலி செய்தல், சுமை குறைத்தல் எது வேண்டுமென்று வெளிப்படையாக எழுதுங்கள். கட்டட உரிமையாளருக்கு எப்போது தெரிவிப்பார்கள் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். தூணைச் சுற்றிய விரிசல் போன்ற உடனடி ஆபத்துக்கு மணிக்கணக்கில் கெடு வையுங்கள், மெல்ல வளரும் துருவுக்கு நாள்கணக்கு போதும். கெடுவுக்குள் பதில் வராவிட்டால், உங்களுக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு, கட்டட அனுமதி தரும் அதிகாரியிடம் நேரடியாகச் சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்றால் அந்த ஆலோசனைக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம்.